வளைவு நிற்காமல் கத்தி எடுக்காதீர்கள்

சிறுநீரகவியல் அறுவைச் சிகிச்சைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு பேருந்து ஓட்டுநரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் இல்லை, நம் மேல்தான்.

அவருக்கு வந்தது பெய்ரோனி நோய். ஆண்குறியின் உள்ளுறையில் தழும்பு போல ஒரு தடிப்பு உண்டாகி, விறைக்கும்போது அது அந்தப் பக்கமாக வளைந்துகொள்ளும். பாடப்புத்தகத்தில் சில பக்கங்கள்தான் இருக்கும். தேர்வில் வராது என்று தாண்டியிருப்பீர்கள். நோயாளிகளுக்குத் தாண்டுகிற வசதி கிடையாது.

முதலில் வந்தது அவர் மனைவி. ரோஸ்லின் என்று வைத்துக்கொள்வோம், கணவர் அந்தோணி. இரண்டும் நான் வைத்த பெயர்கள். காங்கேயம் பக்கத்துக் குடும்பம். இருவரின் பெற்றோரும் தோட்டத்துக் கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ரோஸ்லின் ஒரு மிஷன் துவக்கப்பள்ளியில் ஆசிரியை. அந்தோணி காங்கேயத்துக்கும் கோவைக்கும் இடையே தனியார் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது.

அன்று புறநோயாளிகள் பிரிவு முடிகிற நேரம். என்னிடம் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் ரோஸ்லினை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார். "ஆம்பளைங்க பிரச்சினைக்கு ஆம்பளைங்கதான் வரணும்மா, அவரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். இந்தத் துறையில் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பி, அந்த அம்மா வராந்தாவிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, நோவு எனக்கில்லீங்க. என்ற ஊட்டுக்காரருக்குங்க. அவரு வரமாட்டாருங்க."

"என்ன நோவு, அம்மணி?"

"அதுதானுங்க தெரியாம இருந்துச்சு. ஒரு வருசம் ஆகப்போகுதுங்க, பக்கத்துல வாரதில்லீங்க. பஸ்ஸுலயே படுத்துக்கறேங்கறாரு. வேற பொம்பளை சகவாசம்னு நெனச்சு நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேனுங்க. போன வாரம் பாத்ரூமுக்குள்ள மொனகற சத்தம் கேட்டுச்சு. கதவு தாப்பாப் போடாம இருந்துச்சுங்க. தொறந்தா, எண்ணெய் தேச்சு அதப் புடிச்சு அமுக்கிக்கிட்டு அழுதுட்டு இருக்கறாருங்க."

சொல்லிவிட்டு அவர் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சொல்ல வந்தது அது மட்டுமில்லை என்று தெரிந்தது. காத்திருந்தேன்.

"நேத்து, நான் இல்லாமப் போயிட்டா உனக்கும் நிம்மதின்னு சொன்னாருங்க. அதக் கேட்டதுல இருந்து எனக்கு வகுப்புல நிக்க முடியலீங்க."

இந்த மாதிரி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால், அது உங்கள் துறை சம்பந்தப்பட்டது இல்லை என்று கடந்து போகாதீர்கள். செத்துப்போவதைப் பற்றி வேறு ஏதாவது பேசினாரா, வீட்டில் பூச்சிமருந்து மாதிரி எதுவும் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று உங்களில் பலருக்குப் பயம். அப்படி ஆகாது. கேட்டவுடன் ரோஸ்லின் அழுதார். இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதற்காக அழுதார். வீட்டில் அப்படி எது இருந்தாலும் அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், நாளைக்கு எப்படியாவது அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அந்தோணி வந்தார். என்ன சொல்லி அழைத்து வந்தார் என்று ரோஸ்லின் என்னிடம் சொல்லவில்லை. வந்தவரை நாம் எப்படி வரவேற்றோம் தெரியுமா? பதிவு செய்யும் கவுன்டரில், வரிசையில் பின்னால் முப்பது பேர் நிற்க, "என்ன கம்ப்ளெய்ன்ட்? சத்தமாச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். அந்தோணி வலது கையை நீட்டி, "வெரலு மடங்குதுங்க" என்றார். எலும்பு மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரும் நிம்மதியாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். ரோஸ்லின் ஓடி வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நானே போனேன். பெஞ்சின் ஓரத்தில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கையைக் காட்டச் சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை. உள்ளங்கையில் ஒரு கயிறு ஓடுகிற மாதிரி தடித்து, மோதிர விரலை உள்ளே இழுத்திருந்தது.

"இது எத்தன நாளா இப்பிடி இருக்குதுங்க?"

"ரெண்டு மூணு வருசமா இருக்குதுங்க. ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சு ஆயிருச்சுன்னு உட்டுட்டேனுங்க."

"இதே மாதிரி ஒரு தடிப்பு வேற எங்கயாச்சும் வந்திருக்குதுங்களா?"

என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இருக்குதுங்க" என்றார்.

"அதுவும் இதுவும் பங்காளிங்க மாதிரிதானுங்க. கையில வர்றவங்கள்ல சில பேருக்கு அங்கயும் வரும். வெக்கப்பட ஒண்ணுமில்ல. வாங்க, பாத்துப்போடலாம்."

எழுந்து வந்தார். கைக்கு வந்தது நோய் என்றால் அங்கே வந்ததும் நோய்தான் என்கிற அந்த ஒரு எண்ணம் அவரை எழ வைத்தது. உங்களிடம் வளைவு என்று சொல்லி வருகிறவர்களின் கையையும் பாருங்கள். சர்க்கரையையும் பாருங்கள். அந்தோணிக்குச் சர்க்கரை இருந்தது. அது இருப்பதே அவருக்குத் தெரியாது.

வார்டு சிஸ்டரின் அறை காலியாக இருந்தது. ஆண் செவிலியர் ஒருவரை வைத்துக்கொண்டு அங்கேதான் பரிசோதித்தேன். மேல்பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியான தடிப்பு. தொட்டால் வலித்தது. முதலில் விறைக்கும்போது வலி மட்டும் இருந்ததாம். பிறகு லேசாக மேல்நோக்கி வளைந்தது. மாதம் போகப் போக வளைவு கூடியது. மனைவியோடு சேர்வது முடியாமல் போனது. அதோடு பேச்சும் நின்றது.

முதல் மாதமே அவர் ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். என் கோபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு நாள் லீவு போட்டு, படித்த ஒரு மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

"அவரு பரிசோதனை பண்ணலீங்களா?"

"இல்லீங்க. எழுதிக்கிட்டே கேட்டாரு. இந்த வயசுல இதெல்லாம் ஏனுங்க, பிள்ளைங்கதான் பெருசாயிருச்சேன்னு சொல்லிச் சிரிச்சாருங்க. சத்து மாத்திரை குடுத்தாரு."

நாற்பத்தைந்து வயதில் ஒரு மனிதனுக்குத் தாம்பத்தியம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பு எழுத அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? நெஞ்சுவலி என்று வந்திருந்தால் சட்டையைக் கழற்றச் சொல்லாமல் அனுப்பியிருப்பாரா? அந்தச் சத்து மாத்திரை இந்த நோயைக் குணமாக்காது என்பது அவர் படிக்கும் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

அங்கிருந்து திரும்புகிற வழியில் கோவை உக்கடம் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அந்தோணி பார்த்தார். பக்கத்திலேயே ஒரு லாட்ஜ் மாடியில் வாரத்துக்கு ஒரு நாள் 'வைத்தியர்' வந்து உட்காருவார். அந்த ஆள் சொன்னது இதுதான்: சின்ன வயதில் செய்த கைப்பழக்கத்தால் நரம்பு செத்துவிட்டது, எண்ணெய் தேய்த்து தினமும் எதிர்ப்பக்கமாக வளைத்து அமுக்கினால் நேராகும். அந்தோணி அமுக்கினார். ஒரு நாள் உள்ளே சுரீர் என்று வலித்து, தோல் கன்றிப் போய் வீங்கியது. வீக்கம் வடிந்த பிறகு வளைவு முன்பைவிட மோசமாக இருந்தது.

விறைத்த நிலையில் வளைத்தால் உள்ளே கிழியும் என்பதும், கிழிந்த இடத்தில் மறுபடியும் தழும்புதான் கட்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. திடீரென்று முறிகிற சத்தம் கேட்டு, விறைப்பு இறங்கி, வீங்கிக் கறுத்தால் அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் அவரிடம் சொன்னேன். "இது தொத்து நோய் இல்லீங்க. புத்துநோய் இல்லீங்க. சின்ன வயசுப் பழக்கத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

அவர் "அப்ப இது பாவத்துக்கு வந்த தண்டனை இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"நான் கோயில்ல நன்மை வாங்கறத நிறுத்திப்போட்டேனுங்க, டாக்டரம்மா. சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பண்ணிப் பாத்தேன். மறுபடியும் வளைஞ்சுட்டே இருந்துச்சு. ஆண்டவரு மன்னிக்கலீன்னு நெனச்சுட்டேனுங்க."

பூசையில் எல்லோரும் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது இவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், மனைவி திரும்பிப் பார்க்க. மாடியில் உட்கார்ந்திருந்த அந்த ஆள் இவரிடமிருந்து பறித்தது என்னவென்று பாருங்கள். பணம் போனதை விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்தோணி சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தார். மனைவிக்குத் தெரியாமல் அவர் போயிருந்த வேறொரு நகர மருத்துவமனையில் அடுத்த வாரமே அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

"ஒரே நாள்ல நேராக்கிப்போடலாம்னு சொன்னாங்க. நீங்க பண்ணறதுன்னா நீங்களே பண்ணிப்போடுங்க. இல்லீன்னா அங்க போறேனுங்க."

நெருக்கடி இதுதான். எந்தக் கருவியும் இதைத் தீர்த்துவைக்காது. இந்த நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் வலி இருக்கும், தடிப்பு வளரும், வளைவு மாறிக்கொண்டே போகும். இது பல மாதங்கள் நீடிக்கும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். இரண்டாவது கட்டத்தில் வலி போய்விடும், வளைவு ஒரே அளவில் நின்றுவிடும். தானாக நேராவது சிலருக்குத்தான். நின்ற பிறகு, குறைந்தது சில மாதங்கள் அது மாறாமல் இருந்த பிறகுதான் கத்தி. அதற்கு முன் வெட்டித் தைத்தால், நோய் தன் வேலையைத் தொடரும். தைத்தது மறுபடியும் வளையும். அந்தோணியோ இன்னும் முதல் கட்டத்தில் இருந்தார். வலி இருந்தது. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வளைவு கூடியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவரோ இரண்டு நாள் முன்பு, நான் இல்லாமல் போனால் நிம்மதி என்று சொன்ன மனிதர். அவரிடம் போய், இன்னும் பல மாதம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டும்.

என்னுடைய இளம் மருத்துவர் என்னை வெளியே கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: "மேடம், நாம பண்ணலேன்னா அங்க போயிடுவார். நாமளே பண்ணிட்டா பத்திரமா இருப்பார்ல?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்த நியாயத்தைத்தான் நம் தொழிலில் எல்லோரும் சொல்கிறார்கள். தப்பை நான் கவனமாகச் செய்கிறேன் என்கிற நியாயம்.

அந்த மருத்துவமனை அறுவைச் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எனக்குப் பழக்கமானவர்தான். வலி இருக்கிறது, வளைவு இன்னும் கூடுகிறது, எப்படித் தேதி கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பேஷன்ட் அவசரப்படறார். அவருக்கு வேணும்னா பண்ணிக் குடுக்கறதுதானே நம்ம வேலை?"

"ஆறு மாசத்துல மறுபடியும் வளைஞ்சா?"

"மறுபடியும் பண்ணிக்கலாம்."

இதை அவர் வெட்கமில்லாமல் சொன்னார். காப்பி ஆறிவிட்டது, இன்னொன்று போடச் சொல்லலாம் என்பது போலச் சொன்னார். ஒவ்வொரு முறை தைக்கும்போதும் கொஞ்சம் நீளம் குறையும், உணர்ச்சி குறையலாம், விறைப்பே போய்விடலாம். இதில் எதையாவது நோயாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

உள்ளே வந்தேன். வாதம் செய்து அந்தோணியை வெல்ல முடியாது என்று தெரிந்தது. அவர் பயந்துகொண்டிருந்தது வளைவுக்கு இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த ரோஸ்லினுக்கு. ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொல்ல அந்தோணியின் அனுமதி கேட்டேன். வெகுநேரம் யோசித்துத் தலையாட்டினார். ரோஸ்லினை உள்ளே அழைத்து உட்கார வைத்து, என்ன நோய், ஏன் வந்தது, ஏன் இப்போது வெட்டக் கூடாது என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். ரோஸ்லின் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் கணவர் பக்கம் திரும்பினார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு என்ன கோவம் தெரியுமாங்க உங்க மேல? நோவு வந்ததுக்கில்ல. ஒரு வருசமா வேற பொம்பளை இருக்குதுன்னு என்ன நெனைக்க வெச்சுப்போட்டீங்களே, அதுக்குத்தான். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கோயில்ல உக்காந்து, எந்தப் பொம்பளையா இருக்கும்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துட்டு இருந்தேனுங்க."

அந்தோணி தலையைத் தூக்கவில்லை.

"வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போகுது. டாக்டரம்மா பொறுங்கன்னா பொறுக்கலாம். நான் இல்லாமப் போயிட்டான்னு இன்னொரு வாட்டி சொன்னீங்கன்னா மட்டும் எனக்குப் பொறுமை கெடையாதுங்க."

அடுத்த வாரத் தேதியை ரத்து செய்யச் சொல்லி அந்தோணி அங்கிருந்தே போன் செய்தார்.

அன்றே அவரை மனநல மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார். சர்க்கரைக்கு மருந்து ஆரம்பித்தோம். வலிக்கு மாத்திரை. தடிப்புக்குள் போடுகிற ஊசி, தினமும் மாட்டிக்கொண்டு மெதுவாக இழுத்து வைக்கிற ஒரு சாதனம், இரண்டாலும் என்ன எதிர்பார்க்கலாம், என்ன எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். மாதா மாதம் வந்தார். பெரிய அற்புதம் எதுவும் நடக்கவில்லை. வலி முதலில் போனது. வளைவு கூடுவது நின்றது. பிறகு கொஞ்சம் குறைந்தது. அதற்குப் பிறகு பல மாதம் அளந்து பார்த்தும் மாறவில்லை. ஆனால் சேர முடியாத அளவுக்கு மிச்சம் இருந்தது. அமுக்கிக் கிழித்த இடத்துத் தழும்பு அது. முதல் மாதமே என்னிடம் வந்திருந்தால் வளைந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கிழிசல் இருந்திருக்காது. அந்த ஒரு வருடம் வீணாகியிருக்காது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அப்போதுதான் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசினேன். "நேராகுங்க. ஆனா கொஞ்சம் குட்டையாயிரும். அத இப்பவே சொல்லிப்போடறேன், அப்பறமா சொல்லலீன்னு சொல்லக் கூடாது."

அந்தோணி ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின், "என்னய ஏனுங்க பாக்கறீங்க, உங்க ஒடம்பு" என்றார். பிறகு இருவரும் சிரித்தார்கள். வேண்டும் என்று முடிவு செய்தார்கள். செய்தேன். நன்றாக ஆறியது. முழுக்க நேராகவில்லை, அவர்களுக்குப் போதுமான அளவுக்கு நேரானது. பேருந்தில் படுப்பது நின்றுவிட்டது என்று ரோஸ்லின் ஒரு நாள் என்னிடம் தனியாகச் சொன்னார். அந்தப் பாஸ்கு திருநாளில், ஈஸ்டரன்று, அந்தோணி நற்கருணை வாங்க வரிசையில் போனதையும் சொன்னார்.

உங்களிடம் வருகிற ஆண்களுக்குச் சொல்லுங்கள். ஒரு தடிப்பு தெரிந்தால், விறைக்கும்போது வலித்தால், புதிதாக வளைந்தால் உடனே வர வேண்டும். முற்றட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் வரச் சொல்வது சீக்கிரம் வெட்டுவதற்காக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் உணராததால்தான் ஒருவர் மாத்திரை கொடுத்து அனுப்பினார், இன்னொருவர் கத்தியைத் தீட்டினார்.

கடைசியாகப் பரிசோதனைக்கு வந்த அன்று, எனக்கு மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை அந்தோணியிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், நாலு ஊர் பார்த்தவர். லாட்ஜ் மாடியில் இருக்கிறவன் டாக்டர் இல்லை என்று அவருக்குத் தெரியாதா?

"தெரியுமுங்க" என்றார்.

"அப்பறம் ஏனுங்க திரும்பத் திரும்ப அவன்கிட்டப் போனீங்க?"

சொல்லலாமா என்று கொஞ்சம் தயங்கினார். என் மனம் நோகும் என்று தயங்கினார் என்று இப்போது தோன்றுகிறது.

"அந்தாளு பொய்தானுங்க சொன்னான். ஆனா நான் உள்ள போனதும் எந்திரிச்சுக் கதவச் சாத்துனானுங்க. உக்காருங்க, பொறுமையாச் சொல்லுங்கன்னு சொன்னான். அதுவரைக்கும் யாரும் எனக்காகக் கதவச் சாத்துனதில்லீங்க."

அவர் போன பிறகு என் அறையைச் சுற்றிப் பார்த்தேன். பளிங்குத் தரை, குளிர்சாதனம், சுவரில் பட்டங்கள். வாசலில் ஒரு திரைச்சீலை. மேசையின் எதிரே நோயாளி, நோயாளிக்குப் பின்னால் அடுத்த நோயாளி. கதவு வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டேன். கூட்டம் நகர்வது தாமதமாகும் என்றார்கள். மறுபடி கேட்டேன். நேரில் போய்ச் சண்டை போட்டேன். நான் ஓய்வு பெற்ற அன்றும் அங்கே திரைச்சீலைதான் தொங்கியது.

உக்கடத்தில் அந்த மாடி அறைக்கு இன்னும் கதவு இருக்கிறது.